மலை வண்டி ஓட்டுநர் பச்சமுத்துவின் ஒற்றைத் தலைவலி

பச்சமுத்துவுக்கு முதன்முதலில் அந்தத் தலைவலி வந்தது இருபத்திரண்டாவது வயதில். அப்போது அவன் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவரும் மினி லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். வலது நெற்றிப்பொட்டில் தொடங்கி, கண்ணுக்குப் பின்னால் இறங்கி, பிடரிவரைக்கும் இழுத்துப் பிடிக்கும். வெளிச்சம் பட்டால் ஆகாது, சத்தம் கேட்டால் ஆகாது. குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுத்தால்தான் கொஞ்சம் அடங்கும். அம்மா சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள். அப்பா குப்பன், கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டார். பிறகு கள்ளக்குறிச்சி மெடிக்கல் கடையில் யாரோ ஒருவன் ஒரு மாத்திரையைக் கொடுக்க, அது அரை மணி நேரத்தில் கேட்டது. அன்றிலிருந்து அவன் சட்டைப் பாக்கெட்டில் அந்த மாத்திரை அட்டை இல்லாத நாளே கிடையாது.

அரசுப் பேருந்து ஓட்டுநராக வேலை கிடைத்து, ஆறு வருடமாகக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் வண்டியை ஓட்டிவந்தான். வயது முப்பத்தொன்பது ஆகியிருந்தது. அவனுடைய ஊரிலிருந்து அரசு வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்த முதல் ஆள் அவன்தான். அதுவும் சொந்த மலைக்கே ஓட்டுவது! "நம்ம முத்து வண்டி வருது" என்று சொல்லிக்கொண்டுதான் மலைச் சனங்கள் சாமை மூட்டையோடு ரோட்டோரம் வந்து நிற்பார்கள்.

தலைவலியைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. வருடத்தில் நாலைந்து தடவை, வலி வருவதற்கு முன்னால், பார்வையில் ஒரு சின்னப் புள்ளி மின்னும். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரியுமே, அது மாதிரி. அது ரம்பப்பல் போல நெளிந்து நெளிந்து பெரிதாகும். அது பரவிய இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. பிறகு அது கரைந்துபோக, வலி வந்து உட்காரும். இதுவரை ஓய்வு நாளிலோ டிப்போவில் படுத்திருக்கும்போதோதான் வந்திருந்தது. ஓட்டுநரின் கண்ணில் கோளாறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், ஸ்டீயரிங் கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்து அவன் வாயைத் திறக்கவே இல்லை.

அந்தப் பங்குனி மாதம் திருவிழா ஸ்பெஷல் வண்டிகள் நிறைய ஓடின. பச்சமுத்து தானே கேட்டு டபுள் டூட்டி வாங்கிக்கொண்டான். நான்கு நாளாக ஒழுங்கான தூக்கம் இல்லை. ஐந்தாம் நாள் காலை, வெறும் வயிற்றில் இரண்டு டீயைக் குடித்துவிட்டு வெள்ளிமலை வண்டியை எடுத்தான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மலைப்பாதையில் ஏறும்போது வெயில் நன்றாக வந்துவிட்டது. மரங்களுக்கு நடுவே வெயிலும் நிழலுமாக மாறி மாறிக் கண்ணில் அடித்தது. மூன்றாவது வளைவைத் திருப்பி நிமிர்ந்தபோது கண்ணாடியில் ஒரு புள்ளி மின்னியது. கையால் துடைத்தான். அது கண்ணாடியில் இல்லை.

அடுத்த நிமிடம் ரோட்டின் இடது பக்கத்தைக் காணவில்லை. அந்தப் பக்கம்தான் பள்ளம்.

பின்னால் அறுபது பேருக்குமேல் இருந்தார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் கொண்டை ஊசி வளைவு. பச்சமுத்து முதல் கியருக்கு மாற்றி, வலது பக்கத்துப் பாறையை மட்டும் குறிவைத்து, வண்டியை ஊர்கிற மாதிரி கொண்டுபோய் அகலமான இடத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான்.

கண்டக்டர் தீனதயாளன் முன்னால் ஓடிவந்தார். மணலூர்பேட்டைக்காரர், ஐம்பது வயது, பச்சமுத்துவோடு நான்கு வருடமாக ஒரே வண்டி.

"இன்னா முத்து, ஏன் நிறுத்திட்ட? பிரேக்குல காத்து கம்மியா?"

"அண்ணே, சக்கரத்துக்குக் கட்டை போடுங்க மொதல்ல."

"போடறேன். இன்னான்னு சொல்லு."

"எனக்கு ரோடு பாதி தெரியல அண்ணே. இடது பக்கம் மினுமினுன்னு இன்னாமோ ஆடிக்கினு இருக்குது. என்னால ஓட்ட முடியாது."

தீனதயாளன் உடனே இறங்கிப்போய்க் கட்டையைப் போட்டார்.

வலி அரை மணியில் வந்தது. பச்சமுத்து ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அதைப் பார்த்ததும் சனங்களுக்கு வேறு காரணம் தோன்றிவிட்டது. மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சின்னப்பொண்ணு என்கிற அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சத்தம் போட்டாள். "ராத்திரி நல்லா ஊத்திக்கினு வந்து காலைல வண்டி எடுத்திருக்கான்! எங்க உசுரு இன்னா உனக்கு வெளாட்டா?" நாலு பேர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அடுத்த வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போவதற்குள், மலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் ஏறிவிட்டது. வெள்ளிமலைச் சந்தையில் கடுக்காய் மூட்டையோடு நின்றிருந்த அவன் அப்பா குப்பனிடம் யாரோ அதைக் காட்டினார்கள். அவர் மூட்டையை விற்காமலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

டிப்போவில் ஊதச் சொன்னார்கள். கருவி சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது. அறிக்கை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று தாளை நீட்டினார்கள். தீனதயாளன் அவனை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பிரேக்குல காத்து ஏறலன்னு எழுதிடு முத்து. நானும் கையெழுத்துப் போடறேன். பழைய வண்டிதான், யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டாங்க. கண்ணு தெரியலன்னு எழுதுனியானா உன் பொழப்பு போச்சு."

பச்சமுத்து பேனா மூடியைக் கழற்றினான். தலை இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. காற்று ஏறவில்லை என்று எழுதினால் நாளைக் காலையில் அதே வண்டி, அதே பாதை. அடுத்த தடவை அந்த மின்னல் வளைவுக்கு நடுவில் வந்தால்?

"வேணாண்ணே" என்றான். "இன்னிக்கு நிறுத்த எடம் இருந்துச்சி. நாளைக்கு இருக்குமோ இன்னாவோ."

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தான்.

கிளை மேலாளர் இரண்டு தடவை படித்தார். "எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார்.

"பதினேழு வருஷம் சார்."

அவர் திட்டுவார் என்று பச்சமுத்து எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. "டாக்டர் சரின்னு எழுதிக் குடுக்குற வரைக்கும் ஸ்டீயரிங் கிடையாது. டீசல் பங்க்ல உக்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மனைவி சங்கவியைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் இருந்த அரசு மருத்துவமனைக்குப் போனான். சங்கவியும் மலைக்காரிதான், அத்தை மகள். அவர்கள் குடியிருந்த டவுனிலேயே ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். நரம்பியல் பிரிவில் டாக்டர் ஜெயசுதா அவனுடைய கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், மூக்கைத் தொடச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார். பதினேழு வருடக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். ஓட்டுநர் என்பதால் ஒரு ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். மூளையில் கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்தபோது சங்கவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் அந்த நினைப்போடுதான் வந்திருக்கிறாள் என்பது பச்சமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இது மைக்ரேன். அந்த மின்னலும் அதோட சேர்ந்ததுதான்" என்றார் டாக்டர். "வலி மாத்திரை மாசத்துல எத்தனை நாள் போடுவீங்க?"

"எப்பவாவதுதான் மேடம்."

சங்கவி கைப்பையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். காலி மாத்திரை அட்டைகள் சரசரவென்று கொட்டின. "இவரு சட்டை தொவைக்கும்போது பாக்கெட்லருந்து எடுத்து வச்சது மேடம். இந்த ஒரு மாசத்துல மட்டும்."

பச்சமுத்து தலைகுனிந்தான்.

டாக்டர் அட்டைகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "கேளுங்க. தலைவலிக்குப் போடுற மாத்திரையை மாசத்துல பாதி நாளுக்குமேல போட்டா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டு வந்துடும். நீங்க வலிக்குதுன்னு போடுறீங்க. போடுறதால மறுநாள் வலிக்குது. இதை முதல்ல நிறுத்தணும். நிறுத்தினா ஒரு வாரம் பத்து நாள் வலி ஜாஸ்தியாகும். அதைத் தாண்டினாத்தான் மத்தது."

"அப்பால எனக்கு வலி வந்தா?"

"அதுக்கு வேற மாத்திரை தரேன். வலி ஆரம்பிச்ச உடனே போடணும், பொறுத்துப் பார்க்குறேன்னு உக்காரக் கூடாது. ஆனா வாரத்துல ரெண்டு நாளுக்குமேல தொடக் கூடாது. இன்னொண்ணு தடுப்பு மாத்திரை. வலி இருக்கோ இல்லையோ, தினமும் போடணும்." மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டு, பிரஷரும் நாடியும் பார்த்துவிட்டுத்தான் அதை எழுதினார். "பலன் தெரிய ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும். நடுவுல கேக்கலன்னு நீங்களா விட்டுடாதீங்க. நல்லாயிடுச்சின்னும் நீங்களா விட்டுடாதீங்க."

"இவ்ளோதானா மேடம்?"

"இது பாதி. மீதி உங்க கையில. உங்க மூளைக்கு திடீர் மாற்றம் ஆகாது. பட்டினி, தூக்கம் கெடுறது, வெயில், தண்ணி கம்மி, எல்லாமே அதைக் கிளப்பி விட்டுடும். ஒரே நேரத்துல தூங்கணும், ஒரே நேரத்துல எழுந்திருக்கணும். வேளைக்குச் சாப்பிடணும். டீ நாளைக்கு ரெண்டு. தினமும் அரை மணி நடை. ஒரு நோட்டுப் போட்டு என்னைக்கு வலி, அன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க."

கடைசியாக அவன் அதைக் கேட்டுவிட்டான். "நான் வண்டி ஓட்டலாமா மேடம்?"

"இப்ப வேணாம். மூணு நாலு மாசம் பார்ப்போம்." மருந்துச் சீட்டை நீட்டியபடி அவர் சொன்னார்: "அன்னைக்கு நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் நல்ல ஓட்டுநர் செய்யுற வேலை. அதை நினைச்சு வெட்கப்படாதீங்க."

பத்து நாள் என்று டாக்டர் சொன்னது அவனுக்குப் பதின்மூன்று நாள் ஆனது. பழைய மாத்திரைக்காக உடம்பே அலைந்தது. வலி காலையில் எழும்போதே தயாராக இருந்தது. டீசல் பங்கில் உட்கார்ந்தால் அந்த வாடையே குமட்டியது. மேலாளரிடம் சொல்லி, வண்டி நேரம் குறிக்கும் டைம் கீப்பர் அறைக்கு மாறினான். ஜன்னல் வழியாக வெள்ளிமலை வண்டி வேறொருவன் கையில் புறப்பட்டுப் போவதைத் தினமும் பார்த்தான். ஓய்வறையில் ஒருவன் காது கேட்கவே சொன்னான்: "தலவலின்னு ஒக்காந்துக்கினு சம்பளம் வாங்கலாம்னா நமக்கும்தான் தலை கீது." சிரித்தார்கள். பச்சமுத்து டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டான்.

ஒன்பதாவது நாள் அவனால் பொறுக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு மெடிக்கல் கடை முன்னால் போய் நின்றான். கடைக்காரர் அவனைப் பார்த்ததும் கேட்காமலேயே அட்டையை எடுத்துக் கிழித்தார். அவர் கை நீட்டிய வேகத்தைப் பார்த்துதான் பச்சமுத்துவுக்கு உறைத்தது. எத்தனை நாள், எத்தனை வருடம் வந்திருக்கிறோம்! "வேணாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். வீட்டுக்குப் போய், ஜன்னலைச் சாத்தி, ஈரத்துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தான். சங்கவி விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் சொன்னதுல இன்னும் ஒரே ஒரு நாள்தான் மாமா" என்றாள்.

"ஒரு நாள்ல போவலைன்னா?"

"அதுக்கு மறுநாளும் நான் விசிறுறேன். எனக்கு இன்னா வேலை?"

பதினான்காம் நாள் காலையில் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பச்சமுத்து கண்ணைச் சுருக்காமல் அதைப் பார்த்தான். தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தான். வலி இல்லை. சின்னதாகக்கூட இல்லை. சமையலறைக்குப் போய், "சங்கவி, பசிக்குது" என்றான். காலையில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அவள் அவசர அவசரமாகத் தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள்.

அதோடு போய்விடவில்லை. ஆனால் அதன் பிறகு வந்த வலிக்கு ஒரு காரணம் தெரிந்தது. நோட்டை எழுதியவன் பச்சமுத்து, படித்தவள் சங்கவி. ஒரு மாதம் கழித்து அவள்தான் விரலை வைத்துக் காட்டினாள். "நாயித்துக் கெழமை நாயித்துக் கெழமை வருது பாருங்க. லீவுன்னு பத்து மணி வரைக்கும் தூங்குறீங்க, டிபனும் பதினோரு மணிக்கு. மதியானம் வலி வந்துடுது." அவனுக்கு நம்பிக்கையில்லை. அதிகமாகத் தூங்கினால்கூடவா வலிக்கும்? அடுத்த ஞாயிறு மற்ற நாள் மாதிரியே ஆறு மணிக்கு எழுந்து, ஏரிக்கரைவரை நடந்துவிட்டு வந்து, எட்டு மணிக்குச் சாப்பிட்டான். வலி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஜாதகம் பார்ப்பதைவிட இது நன்றாக இருக்கிறதே என்று சிரித்தான்.

ஏழாவது வாரம் தீனதயாளனின் மகள் செந்தமிழ்ச்செல்விக்கு மணலூர்பேட்டையில் கல்யாணம். கண்டக்டர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? பேண்டு செட்டு, வீடியோ லைட்டு, சித்திரை வெயில். பந்தியில் மற்றவர்களை உட்காரவைத்து உட்காரவைத்து, இரண்டரை மணி ஆகியும் பச்சமுத்து சாப்பிடவில்லை. இலைக்குத் தண்ணீர் தெளிக்கும்போது இலையின் ஓரத்தில் அந்தப் புள்ளி மின்னியது.

இத்தனையும் வீண்தானா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கை தானாகப் பையைத் துழாவி டாக்டர் கொடுத்த மாத்திரையை எடுத்தது. சங்கவியிடம் சொன்னான், மாத்திரையை விழுங்கினான், அரிசி மூட்டை அடுக்கிய அறையில் இருட்டில் போய்ப் படுத்தான். மின்னல் கரைந்தது. வலி வந்தது, ஆனால் முன்பு போல இல்லை. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி, அரைகுறையாக வந்தது. நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தான். முன்பெல்லாம் இது இரண்டு நாள் படுக்கையில் போடும். அன்று கடைசிப் பந்தியில் தீனதயாளனே பரிமாற, இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டான்.

"வந்துட்டுப் போச்சாமே?" என்றார் தீனதயாளன், வாளியைப் பிடித்துக்கொண்டு.

"வந்துச்சிண்ணே. ரெண்டு மணி நேரந்தான். அது வந்ததுல தப்பு என்னோடது. பசியோட நின்னேன்." சொல்லும்போதே அவனுக்குள் ஏதோ நிமிர்ந்தது. பதினேழு வருடமாக அது எப்போது வரும் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, இப்போது அது ஏன் வருகிறது என்று தெரிந்திருந்தது.

அந்தப் பதின்மூன்று நாளை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் மாதம் நோட்டில் ஒன்பது நாள் வலி. இரண்டாம் மாதம் ஐந்து. மூன்றாம் மாதம் இரண்டு. நான்காம் மாதம் ஒன்றே ஒன்று, அதுவும் மாத்திரையில் அடங்கியது. மின்னல் மணலூர்பேட்டைக்குப் பிறகு வரவேயில்லை. டாக்டர் ஜெயசுதா நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்தார். "யாரும் இவ்வளவு ஒழுங்கா எழுதுறதில்லை" என்று சொல்லிவிட்டுச் சான்றிதழை எழுதினார். பகல் வண்டி மட்டும், டபுள் டூட்டி கூடாது, மின்னல் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்றும் அதில் இருந்தது. மருத்துவக் குழுவும் பார்த்துக் கையெழுத்துப் போட்டது.

பகல் வண்டி மட்டும் என்பதுதான் டிப்போவில் பேச்சானது. இந்த ராஜாவுக்கு ராத்திரி வண்டி ஆகாதாம் என்று கேலி செய்தார்கள். ஆனால் ஓட்டுநர் முனியன் நேராக மேலாளர் அறைக்குப் போனார். "சார், என் ராத்திரி வண்டிய எனக்கே நிரந்தரமா குடுத்துடுங்க. பகல்ல கரும்புத் தோட்டத்த பாக்கணும் எனக்கு. முத்து பகல்ல ஓட்டட்டும்." யாருக்கும் நஷ்டமில்லாமல் அது முடிந்தது. கேலியும் அதோடு நின்றது.

ஆவணி முதல் வாரத்தில் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார, காலி வண்டியை மலைக்கு ஓட்டிக் காட்டினான். பயிற்றுநர் ஒவ்வொரு வளைவையும் தாளில் குறித்துக்கொண்டே வந்தார். டிப்போவில் இறங்கி, "நாளைக்குக் காலைல வெள்ளிமலை வண்டி எடுங்க" என்றார். பச்சமுத்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து, இட்லி நான்கு சாப்பிட்டு, தண்ணீர் பாட்டில் இரண்டை எடுத்துக்கொண்டு, கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினான். தீனதயாளன் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து விசில் ஊதினார். மலைப்பாதையில் வெயிலும் நிழலுமாக மாறி மாறி அடித்தது. கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோடு முழுசாக இருந்தது. இடது ஓரத்து வெள்ளைக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவன் கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக அளந்து திருப்பினான். மேலே ஏற ஏற மார்பு விரிந்தது. ஊருக்குக் கீழே இருந்த நிறுத்தத்தில் குப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு அன்று எங்கேயும் போகிற வேலை இல்லை. ஏறி, ஓட்டுநர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்காரச் சொல்லியும் கேட்காமல் வெள்ளிமலைவரை நின்றே வந்தார். இறங்கும்போது சத்தமாக, வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எம் மவன் ஓட்டுனா ஒரு குலுக்கல் இல்ல, பாத்தீங்களா?"

அந்த மாதமே ஓய்வறையில் ஜீவா என்கிற ஓட்டுநர் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்று தலையைப் பற்றிச் சொல்லிச் சிரித்தவன் அவன்தான். "அண்ணே, எனக்கும் இருக்குது. நாலு வருஷமா" என்றான். பச்சமுத்து அவன் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தான். அட்டை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. வேறெதுவும் கேட்காமல், "நாளான்னைக்கு எனக்கு டாக்டர்கிட்ட போற நாளு. நீயும் வா" என்றான்.

மலையில் வருடாவருடம் நடக்கும் கோடை விழா அந்த வருடம் மழையால் தள்ளிப்போய் அந்தச் சமயத்தில்தான் நடந்தது. அருவி பார்க்கவும் கண்காட்சி பார்க்கவும் கீழ்நாட்டிலிருந்து சனங்கள் வந்து குவிந்தார்கள். பச்சமுத்துவுக்கு விழாவின் முதல் நாள் காலை ஒரு நடை, மதியம் ஒரு நடை. ஒலிபெருக்கியும் ஹாரனும் ஒருபக்கம், நல்ல வெயில் ஒருபக்கம். மதியம் ஒரு மணிக்கு வெள்ளிமலையில் வண்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது, அவன் ஸ்டீயரிங்கைவிட்டு இறங்கி நிழலில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தான்.

"யோவ் டிரைவர், வண்டிய எடுய்யா! எத்தினி நேரம் நிக்கறது?" என்று ஜன்னல் ஜன்னலாகக் கூச்சல் கிளம்பியது. முன்பென்றால் டப்பாவை மூடிவிட்டு ஓடியிருப்பான். இப்போது சாமைச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தான்.

தீனதயாளன் படியில் ஏறி நின்று கையைத் தூக்கினார். "சாமிங்களா, கேட்டுக்குங்க. கீழ எறங்குற ரோடு உங்களுக்கே தெரியும். டிரைவர் வயிறு நெறைஞ்சாத்தான் நீங்க வூடு போய்ச் சேருவீங்க. பத்தே நிமிஷம்!"

வண்டிக்குள் சிரிப்பு எழுந்தது. யாரோ ஒருவர் வெள்ளரிக்காய்த் துண்டை ஜன்னல் வழியாக நீட்டி, "சாப்பிடு சாமி, நிதானமா சாப்பிடு" என்றார். பச்சமுத்து அதையும் வாங்கிக்கொண்டான். சாப்பிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரைக் காலிசெய்து, கையைக் கழுவி, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறினான். எழுபது பேரோடு வண்டி வளைவு வளைவாக இறங்கியது. குழந்தைகள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓவென்று கத்தினார்கள். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. கோமுகி அணையின் தண்ணீர் தூரத்தில் பளபளவென்று வெயிலில் மின்னியபோது, அதையும் கண் கூசாமல் பார்த்தான்.

மாலை ஆறு மணிக்கு வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். சங்கவி வாசலிலேயே நின்றிருந்தாள். விழாக் கூட்டத்தை நினைத்து மதியத்திலிருந்து அவளுக்குத் தையலில் கை ஓடவில்லை.

"தலை எப்படி மாமா இருக்குது?"

பச்சமுத்து செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தான். காலையிலிருந்து ஒருதரம்கூட அந்த நினைப்பு வந்த மாதிரி இல்லை.

"தலையா? அது ஒண்ணு இருக்குதுன்றதே மறந்துபோச்சி" என்றான். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.